குதிரை நகரவே இல்லை: ஒரு மாணவர் டிரெய்லர் உருவான விதம்

முதல் நாள் மாணவர்கள் நீட்டிய தாளில் பதினேழு வரிகள் இருந்தன. பறக்கும் குதிரை, பிளக்கும் பூமி, கண்ணிலிருந்து பாயும் ஒளி, ட்ரோன் ஷாட், கிரீன் மேட், ஸ்லோ மோஷன், மழையில் சண்டை, மறுபடியும் ஸ்லோ மோஷன். கடைசி வரி: ‘கதை – பிறகு’. அதற்கு மட்டும் இரட்டை அடிக்கோடு.

ஐந்து பேர். காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு; விஸ்காம் என்றால்தான் ஊரில் புரியும். நான் சில வருடங்கள் ஒளிப்பதிவு உதவியாளராக ஓடிவிட்டு, இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் அவர்கள் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போகிறவன். அவர்களுக்குத் தரப்பட்ட வேலை, இல்லாத ஒரு ஃபேன்டஸி படத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் டிரெய்லர் செய்வது. ஆறு வாரம் அவகாசம். கையிருப்பு: துறையின் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார் கேமரா ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு கால் நிற்காத டிரைபாட், இரண்டு எல்இடி விளக்கு, இரண்டு ஃபோன், ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த ஏழாயிரம் ரூபாய்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சினிமாவில் டிரெய்லர் வெட்டுகிறவருக்கு முன்னால் முழுப்படமும் கிடக்கும். அதிலிருந்து பொறுக்கிக் கோத்தால் போதும். மாணவர்களிடம் பொறுக்க ஒன்றுமே இல்லை. திரையில் ஒன்றரை நொடி வந்து போகும் ஷாட்டுக்கும் தனியாக ஒரு நாள் போய், வெயிலில் நின்று எடுத்து வர வேண்டும். அதனால் ‘என்ன டெக்னிக்’ என்பது ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ‘ஸ்லோ மோஷன்’ என்று மொத்தமாக எழுதி வைப்பது, சமையல் குறிப்பில் ‘அடுப்பு’ என்று எழுதுவதைப் போல.

பிடிமண்

பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு பையன், “எங்க ஊர்ல புரவி எடுப்பு இருக்கு சார்” என்றான். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். மற்ற நான்கு பேருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவன் சொல்லச் சொல்ல அறை அமைதியானது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை வட்டாரக் கிராமங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் நேர்த்திக்கடன் அது. ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து, மண் வேலை செய்யும் வேளாரிடம் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்வார்கள், அதுதான் பிடிமண். குதிரையைச் செய்து, சூளையில் சுட்டு, வண்ணம் பூசி, கடைசியில் கண் வரைந்து ‘கண் திறந்து’, ஊர்வலமாகத் தூக்கிப் போய்க் கோயிலில் வைப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து இளங்குடிப்பட்டியில் வரிசை வரிசையாக நிற்கும் பழைய குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்துக்கு ஃபேன்டஸியை வெளியிலிருந்து கொண்டு போக வேண்டியதில்லை.

அன்று மாலைக்குள் கதை வந்துவிட்டது. கண்மாய் வற்றிய வருடம். வேளார் தாத்தா செய்து வைத்த குதிரைகள் இரவில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. தண்ணீர் தேடிப் போகின்றன என்று பேத்தி மட்டும் நம்புகிறாள். தலைப்பு, ‘பிடிமண்’. படம் எடுக்கப் போவதில்லை என்பதால் முடிவு என்ன என்று யாரும் கவலைப்படவில்லை. டிரெய்லர் வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தச் சுதந்திரம்தான்.

அடுத்த வாரம் பதினேழு வரித் தாள் புது வடிவத்தில் திரும்பி வந்தது. இப்போது குதிரைகள் ஓடின, பாய்ந்தன, நெருப்பைக் கக்கின. முப்பரிமாண மென்பொருளில் குதிரை செய்யத் தெரிந்த நண்பன் ஒருவன் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் செய்து அனுப்பியதை ஃபோனில் பார்த்தோம். குதிரை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதில் மண் இல்லை. நாலு கால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தது. சுட்ட மண்ணின் சொரசொரப்பு, உமி எரிந்த சிறு குழிகள், வண்ணம் உரிந்த காது எதுவும் இல்லை.

கிரீன் மேட்டும், அதாவது பச்சைத் துணி முன் எடுத்துப் பின்னணியை மாற்றும் வித்தையும், அந்த வாரமே செத்தது. துணிக்கடையில் வாங்கிய பச்சைத் துணியை விரித்து, ஒரு சின்ன மண்குதிரையை நிறுத்தி ஃபோனில் எடுத்தார்கள். துணியின் பச்சை பட்டுக் குதிரையின் வயிறு பாசி பிடித்ததுபோல ஆனது. ஓரங்களும் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டன. காரணம் எளிது. சாதாரண ஃபோன் வீடியோ 4:2:0 முறையில் பதிவாகிறது. வெளிச்சத்தின் விவரம் முழுதாக இருக்கும், நிறத்தின் விவரம் அதில் நாலில் ஒரு பங்குதான். நிறத்தை வைத்து வெட்டுகிற வேலைக்கு அது போதாது. துணியைக் கடைசியில் வேறு வேலைக்குப் பயன்படுத்தினோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விதி

அந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகுதான் குழுவில் இருந்த பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள்: “குதிரை நகர்றத காட்டவே வேணாம்னு வச்சுக்கிட்டா என்ன சார்?”

வழி இல்லாததால் வந்த யோசனை. ஆனால் அதைச் சொன்னதும் பையன்களில் ஒருவன் கையைத் தேய்த்துக்கொண்டான், மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அப்படியே அதை விதியாக்கினோம். இந்த உலகத்தில் மண்குதிரை நகர்வதை யாரும் பார்க்க முடியாது. பார்க்கிற வரை அது நிற்கும். பார்க்காத நேரத்தில் போய்விடும். பார்ப்பவருக்குக் கிடைப்பது தடமும் சத்தமும் மட்டும்.

இந்த ஒரு வாக்கியம் எழுதப்பட்ட பிறகு பதினேழு வரிகளில் பதினான்கு தாமாகவே அடிபட்டன. ட்ரோன் போயிற்று, மேலிருந்து பார்க்கிற கண் யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை. நெருப்பு போயிற்று. கண்ணிலிருந்து பாயும் ஒளியை விட்டுக்கொடுக்கத்தான் ஒருவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு நோட்டில் நாலு பத்தி கோடு போட்டோம். முதல் பத்தி, பார்ப்பவர் என்ன நம்ப வேண்டும். இரண்டாவது, எப்படி ஏமாற்றுகிறோம். மூன்றாவது, எங்கே மாட்டிக்கொள்வோம். நாலாவது, மாட்டினால் என்ன செய்வோம். மாணவர்கள் பொதுவாக இரண்டாவது பத்தியை மட்டும் நிரப்பிவிட்டு ஷூட்டிங் கிளம்புவார்கள். உழைப்பு முழுவதும் மூன்றாவது பத்தியில் இருக்கிறது.

வேளார் வீட்டு முற்றத்துக் காட்சியை அந்த நோட்டின்படி சொல்கிறேன். நம்ப வேண்டியது: ஏழு குதிரையில் ஒன்று கண்ணெதிரே இல்லாமல் போகிறது. ஏமாற்றுவது: கேமராவை அசைக்காமல் நிறுத்தி, தாத்தா வைக்கோல் கட்டோடு குறுக்கே நடக்க, கட்டு திரையை முழுதாக மறைக்கும் கணத்தில் வெட்டி, ஆறு குதிரை நிற்கிற டேக்கோடு ஒட்டுவது. 1896-இல் பிரெஞ்சுத் திரைப்படக்காரர் ஜார்ஜ் மெலியஸ் நாற்காலியில் இருந்த பெண்ணை மறைய வைத்தாரே, அதே வித்தைதான். வைக்கோல் கட்டு மட்டும் நம்முடையது. மாட்டிக்கொள்ளும் இடம்: நிழல். இரண்டு டேக்குக்கும் நடுவில் நேரம் ஓடினால் நிழல் நகர்ந்து காட்டிக்கொடுக்கும். நாலு நிமிடத்துக்குள் குதிரையைத் தூக்கிவிட வேண்டும். இன்னொன்று, தூக்கியவர்களின் காலடித் தடம். மாட்டினால்: விளக்குமாறு.

போய் நின்றபோது நோட்டில் இல்லாத ஒன்று நடந்தது. முதல் முயற்சியில் மேகம் வந்து வெளிச்சத்தைக் கெடுத்தது, சரி. இரண்டாவது முயற்சியில் குதிரையைத் தூக்கினால், அது நின்ற புழுதியில் நாலு வட்டப் பள்ளம். விளக்குமாற்றோடு ஓடியவனை அந்தப் பெண் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அத அழிக்காதடா!” டிரெய்லரில் இப்போது கண் போய் நிற்பது அந்த நாலு பள்ளத்தில்தான்.

அவை, படத்தில் தாத்தாவாக வரும் நிஜ வேளார் தாத்தா ஆர்டருக்காகச் செய்து வைத்திருந்த, இன்னும் கண் திறக்காத குதிரைகள். கோயிலில் இருக்கும் குதிரைகள் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டபோதே, “செஞ்சு வச்சிருக்கிறத எடுத்துக்கங்க தம்பி, குடுத்துட்டத எடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார்கள். தெளிவான பதில்.

முப்பத்தைந்து சென்டிமீட்டர்

டிரெய்லரின் நடுவில் ஒரு ஷாட் வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். வற்றிய கண்மாய்க்குள் ஆளை விட இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு குதிரை நிற்கிறது. பக்கத்தில் பேத்தி, அண்ணாந்து பார்க்கிறாள். அவ்வளவு பெரிய குதிரை செய்ய எங்களிடம் பணமும் இல்லை, தாத்தாவுக்கு நேரமும் இல்லை. 35 செ.மீ. உயரக் குதிரை ஒன்றை விலைக்கு வாங்கினோம்.

சின்னதை லென்ஸுக்குப் பக்கத்திலும், ஆளைத் தூரத்திலும் நிறுத்தி இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது பழைய வித்தை. எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. குதிரையை எட்டு மடங்காகக் காட்ட வேண்டும், அதாவது 2.8 மீட்டர். குதிரை லென்ஸிலிருந்து 80 செ.மீ. தூரத்தில் இருந்தால், பேத்தியாக நடிக்கும் பெண் அதைப் போல எட்டு மடங்கு தூரத்தில், 6.4 மீட்டரில் நிற்க வேண்டும். இரண்டும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பது அடுத்த தொல்லை. லென்ஸை 18 மி.மீ.-யில் வைத்து, துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கி, ஃபோகஸை ஒன்றரை மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய 75 செ.மீ. முதல் அடிவானம் வரை கூர்மையாக இருக்கும். 80 செ.மீ. மயிரிழையில் உள்ளே வந்துவிட்டது.

எங்களை இரண்டு நாள் படுத்தியது தரை. குதிரையின் குளம்பும் பெண்ணின் காலும் ஒரே தரையில் நிற்பதாகத் தெரிய வேண்டும். கேமரா தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் என்றால், குதிரை நிற்கும் பலகை 70 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது கேமராவுக்கு எட்டில் ஒரு பங்கு கீழே. அப்போதுதான் லென்ஸிலிருந்து குளம்பைத் தொட்டுப் போகும் கோடு, நேராகப் போய் 6.4 மீட்டரில் மண்ணைத் தொடும். செங்கல் அடுக்கி, பலகை வைத்து, கண்மாய் மண்ணைப் பரப்பினோம். பலகையின் முன் ஓரம் ஃப்ரேமுக்குக் கீழே போய்விடும். பின் ஓரம்தான் கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். அங்கே மண்கட்டிகளையும் காய்ந்த கோரையையும் ஒழுங்கில்லாமல் சொருகினோம். ஒழுங்காகச் சொருகியபோது மாட்டிக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெண் யாரைப் பார்ப்பாள்? அவள் பக்கத்தில் வெறும் காற்றுதானே இருக்கிறது. ஒரு மூங்கில் கழியில் துணி கட்டி, 2.8 மீட்டர் உயரத்தில் பிடித்து, அதைப் பார்க்கச் சொன்னோம். கழி ஃப்ரேமில் தெரியாதா என்று கேட்டான் ஒருவன். தெரியாது, கழியும் அதைப் பிடித்திருப்பவனும் நிற்கிற இடத்தை அந்த 35 செ.மீ. குதிரை மறைத்துக்கொள்கிறது. குழுவிலேயே நெட்டையானவன் ஒன்றரை ஜாண் பொம்மைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதை மானிட்டரில் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மூன்றாவது டேக்கில் மட்டும் அவனுடைய நீல லுங்கி குதிரையின் முன்னங்கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது.

குதிரை நகரப் போகிறது என்ற பயத்துக்கு ஒரு சின்ன வேலை செய்தோம். அதன் வயிற்றிலிருந்து மண் உதிர்கிறது. டீ வடிகட்டியில் சலித்த மண்ணை மேலிருந்து தட்டினோம். சாதாரண வேகத்தில் எடுத்தால் பொம்மை மேல் மண் விழுவது பொம்மை மேல் மண் விழுவதாகவே இருக்கும். சின்ன உருவத்தைப் பெரிதாகக் காட்டும்போது, எத்தனை மடங்கோ அதன் வர்க்கமூலத்தால் ஃப்ரேம் வேகத்தைப் பெருக்க வேண்டும் என்பது மினியேச்சர் எடுப்பவர்களின் கணக்கு. எட்டின் வர்க்கமூலம் 2.83, 24-ஐப் பெருக்கினால் 68. எங்கள் கேமராவில் 60 தான் இருந்தது. பரவாயில்லை, எடுத்தோம். மண் கனமாக, நிதானமாக, ஒரு பெரிய உடம்பிலிருந்து விழுவதுபோல விழுந்தது. பெண் அசையாமல் நின்றதால் அவளுடைய வேகம் குறைந்தது தெரியவில்லை. தலைமுடி மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடியது. அது திட்டத்தில் இல்லை. பதினேழு வரித் தாளில் இருமுறை எழுதப்பட்டிருந்த ஸ்லோ மோஷனுக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்தது.

கேமராவை லேசாகத் திருப்பலாமா என்று கேட்டார்கள். கூடாது. திருப்பினால் பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து குட்டு உடைந்துவிடும். லென்ஸின் சரியான புள்ளியை மையமாக வைத்துத் திருப்பும் கருவி இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் டிரைபாடுக்கு மூன்று கால் இருந்ததே பெரிய விஷயம்.

தெளியும் தண்ணீர்

டிரெய்லரைப் பார்த்தவர்கள் அதிகம் கேட்ட ஷாட் இது. கலங்கிய நீர். மெல்லத் தெளிகிறது. அடியில் கிடக்கும் சேறு திரண்டு, எழுந்து, குதிரையாகிறது. நாலு நொடி. ‘எந்த மென்பொருள்?’ என்று கேட்டவர்களிடம் பையன்கள் இரண்டு நாள் உண்மையைச் சொல்லாமல் மகிழ்ந்தார்கள்.

சுடாத மண்பொம்மையைத் தண்ணீரில் போட்டால் கரையும். கரைவதைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் எழும். இவ்வளவுதான் யோசனை, அதுவும் என்னுடையது இல்லை. தாத்தா வீட்டில் உடைந்த பச்சைக் குதிரையை மறுபடி மண்ணாக்கத் தொட்டியில் ஊறப்போட்டிருந்ததைப் பார்த்து ஒரு மாணவன் பிடித்தது.

முதல் முயற்சியில், முந்தைய நாள் செய்த, உள்ளே ஈரம் காயாத குதிரையை மீன் தொட்டியில் இறக்கி மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். அது அய்யனார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. தாத்தாவிடம் ஃபோன் போட்டால் அவர் சிரிக்கிறார். “ஈரம் இருக்கிற மண்ணு தண்ணிய உள்ள விடாதுப்பா. சுண்டக் காஞ்சதப் போடு, உடனே விட்டுரும்.” எலும்பாகக் காய்ந்த மண்ணுக்குள் தண்ணீர் விறுவிறுவென்று ஏறும், அந்த வேகத்தில்தான் மண் உதிர்கிறது. ஒரு வாரம் காயவைத்த பொம்மை அரை மணி நேரத்தில் குலைந்தது.

அரை மணி நேரத்தை நாலு நொடியாக்க வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மொத்தம் 96 படம். இருபது நொடிக்கு ஒரு படம் எடுத்தால் 32 நிமிடம், கணக்கு பொருந்திவிட்டது. அறையின் ஜன்னலை மறைத்து இரண்டு எல்இடியை மட்டும் வைத்தோம், வெயில் மாறினால் படம் துடிக்கும் என்பதால். பச்சைத் துணி இங்கேதான் உதவியது: ஜன்னலுக்குத் திரையாக. ஆனால் கேமராவில் வெள்ளைச் சமநிலையை, அதாவது எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்பதை, தானியங்கியில் விட்டுவிட்டார்கள். தண்ணீர் கலங்கக் கலங்க, கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறத்தை முடிவுசெய்தது. பின்னோக்கி ஓட்டினால் கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி மின்னியது. இன்னொரு பொம்மை, இன்னொரு வாரம் காயவைத்தல்.

அதற்குப் பிறகு ஒரு சண்டை வந்தது. “குதிரை நகர்றத காட்டக்கூடாதுன்னு விதி போட்டுட்டு இதுல எழுந்து வருதே” என்றான் நெட்டையன். நியாயமான கேள்வி. இது கனவுக் காட்சி என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றேன். யாருக்கும் பிடிக்கவில்லை; எனக்கே பிடிக்கவில்லை. சிவகங்கைப் பையன் ஒரே வரியில் முடித்தான்: “அதுக்கு இன்னும் கண் தொறக்கல சார். கண் தொறக்காத வரைக்கும் அது மண்ணு. மண்ணு நகரும்.” தொட்டியில் இருந்த பொம்மைக்கு உண்மையிலேயே கண் இல்லை. அவசரத்தில் வைக்காமல் விட்டது. அன்றிலிருந்து விதி இரண்டு பகுதியானது. டிரெய்லரின் அமைப்பும் அதோடு வந்துவிட்டது. தாத்தாவின் தூரிகை கண்ணைத் தொடும் ஷாட்டுக்கு முன்னால் எல்லாம் அசையலாம்: நீர், சேறு, சக்கரம், கை. தொட்ட பிறகு குதிரைகள் கல்லாகிவிடும், மனிதர்கள்தான் ஓடுவார்கள்.

பகலில் எடுத்த இரவு

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். இரவில் கண்மாய்க்குள் எடுக்க விளக்கும் இல்லை, பேத்தியாக நடித்த சிறுமியின் வீட்டில் அனுமதியும் இல்லை. மாலை நாலரை மணி வெயிலை எதிரே வைத்து, ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறைத்து, வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினில், அதாவது மஞ்சள் பல்புக்கான அளவில், நிறுத்தினால் பகல் நீலமாகிவிடும். பின்னாலிருந்து வரும் வெயில் தோளிலும் தலைமுடியிலும் நிலவாக விழும். முதல் சோதனையில் வானத்தை ஃப்ரேமுக்குள் விட்டுவிட்டார்கள். வெளுத்த வானத்தின் கீழ் நீல மனிதர்கள் நடந்தார்கள். வானம் தெரியாமல் கரை மேலிருந்து கீழே பார்த்து எடுத்த பிறகுதான் இரவு வந்தது. லாந்தர் ஒரு தனிப் பிரச்சினை. பகல் வெளிச்சத்தில் சுடர் தெரியாது. உள்ளே சின்ன எல்இடி வைத்தால் அந்த 3200 கெல்வினில் அது வெள்ளையாக அல்லது நீலமாகத் தெரியும். ஆரஞ்சு ஜெலட்டின் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றினோம். 1957-இல் ‘மாயா பஜார்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி காட்டிய நிலவை ஒரு மதியம் அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளையில், நீலமே இல்லாமல் நிலவொளி எப்படி வந்தது என்று கேட்டு ரொம்ப நேரம் பேசினார்கள். நிறத்தை விட நிழல்தான் இரவைச் செய்கிறது என்பது அன்று அவர்களே கண்டது.

தலைப்பு எழுத்தில் பட்ட பாடும் உண்டு. எடிட்டிங் மென்பொருளில் ‘இந்தக் கோடையில்’ என்று தட்டினால் கொம்பும் காலும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நின்றன. ஒளிரும் எஃபெக்ட் போட்டால் ‘ண்’ணின் சுழிகள் அடைபட்டு, புள்ளி கரைந்துபோனது. புள்ளி போனால் ‘பிடிமண’ என்று ஆகிவிடுகிறது. கடைசியில் ஈரக் களிமண்ணைத் தட்டில் பரப்பி, பேத்தியாக நடித்த சிறுமியின் விரலாலேயே எழுத வைத்து, மேலிருந்து படமெடுத்தோம். அவள் ‘டி’யைக் கொஞ்சம் கோணலாக எழுதினாள். அப்படியே இருக்கிறது.

பானைச் சத்தம்

குதிரை நகர்வதைக் காட்டவில்லை என்றால் யார் நகர்த்துவது? காதுதான்.

வழக்கம்போலச் சிரட்டையைத் தட்டிக் குளம்பொலி எடுத்தார்கள். நன்றாக இருந்தது, ஆனால் அது உயிருள்ள குதிரை. இது உள்ளே வெறுமையான மண்குதிரை ஆயிற்றே. அதன் காலடி எப்படி இருக்கும் என்று பேசிப் பேசிப் பானைக்கு வந்து சேர்ந்தோம். விடுதி அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கி, மணல் பரப்பிய தரையில் ஒரு பானையை மெல்ல மெல்ல வைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு அடியும் ஒரு ‘தொம்’. அதைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அந்தத் தாழ்ந்த ஒலியை அடியில் வைத்து, அசல் ஒலியை மேலே வைத்தார்கள். எடை வந்துவிட்டது.

இசைக்கு ஒரு பிரபலப் படத்தின் பின்னணியை வைத்திருந்தார்கள். உரிமைப் பிரச்சினை என்று முதலில் சொன்னேன், கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டுப் பானைச் சத்தத்தோடு மட்டும் ஒருமுறை ஓட்டச் சொன்னேன். பிறகு யாரும் இசையைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை.

முதல் வெட்டு இரண்டு நிமிடம் நாற்பது நொடி. அதில் பாட்டி ஒருத்தி கண்மாய் ஏன் வற்றியது, குதிரை ஏன் போகிறது, யார் திருப்பிக்கொண்டு வருவார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தெரிந்துகொள்ள ஒன்றும் மீதி இல்லாத டிரெய்லர். பாட்டியின் பதினொரு வாக்கியத்தில் ஒன்றை விட்டுவைத்தோம்: “கண்ணத் தொறந்துட்டா, அப்புறம் கட்டிப் போட முடியாது தாயி.” கடைசி வடிவம் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு நொடி, 41 ஷாட். தெளியும் தண்ணீரை முடிவில் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவர்கள் இருபதாவது நொடியிலேயே வைத்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி. அது முன்னால் வந்ததால், பின்னால் நிற்கிற ஒவ்வொரு குதிரையையும் எழக்கூடியதாகவே பார்க்கிறோம்.

துறையில் திரையிடுவதற்கு இரண்டு நாள் முன்பு, தாத்தாவுக்குக் காட்ட ஊருக்குப் போனோம். ஃபோனைக் காதுப்பக்கம் வைத்துக்கொண்டு பார்த்தார். வைக்கோல் கட்டோடு தான் நடந்து வருவதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பெரிய குதிரையைப் பார்த்து, “இது நான் குடுத்த சின்னதுதான?” என்று சரியாகக் கண்டுபிடித்தார். காதை வைத்து அடையாளம் தெரிந்ததாம். கடைசியில் இருட்டில் அந்தக் காலடி வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டுவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பானை கீறல் விட்ருக்கு தம்பி.”

விடுதிச் சமையலறையில் ஒதுக்கிப் போட்டிருந்த பானை அது. காசு மிச்சம் என்று எடுத்து வந்தார்கள். தலைமயிர் கனத்தில் ஒரு கோடு இருந்தது எங்கள் ஐந்தாறு பேருக்கும் தெரியும். சத்தத்தில் தெரியும் என்று தெரியாது. சந்தையில் பானை வாங்குகிற எந்த அம்மாவும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார், அது எங்களுக்கு உறைக்கவில்லை. தாத்தா உள்ளே போய் ஒரு புதுப் பானையை எடுத்து வந்து, எங்கள் முன்னால் சுண்டிக் காட்டினார். மணி மாதிரி நின்று அடங்கியது. பணம் வாங்க மறுத்தார்.

அன்று இரவு மறுபடி போர்வைகளைத் தொங்கவிட்டார்கள்.